காதாவது கல்யாணத்துக்கு வரட்டும்

வாகை மரத்தின் கவட்டையில் ஒரு காலும், மூங்கில் ஏணியின் உச்சிப் படியில் இன்னொரு காலுமாக நின்றுகொண்டிருந்தேன். வலது தோளில் குழாய். கூம்பு ஒலிபெருக்கியைத்தான் எங்கள் தொழிலில் குழாய் என்போம்.

ஆவணி பிறந்துவிட்டது. ஆனால் காற்றுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து சட்டையை முதுகோடு ஒட்டியது. வாகை நெற்றுகள் கிலுகிலுவென்று ஆடின. கண்ணில் தூசி.

மரத்துக்கு மேற்கே நெல் வயல். அதற்கு அப்பால் மலை. கிழக்கே வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் ஊர். நான் ஏறி நின்ற மரம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், காலனியில் இருந்தது. மறுநாள் காலையில் அங்கே ஒரு கல்யாணம்.

கல்யாணப் பெண்ணின் அம்மா செல்லத்தாயி, கையில் ஒரு டம்ளர் காப்பியோடு ஏணிக்குக் கீழே வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார். காற்றில் முந்தானை முகத்தை மூடியது. விலக்கிக்கொண்டு கேட்டார்.

"குழாய் எந்தப் பக்கம் பாக்குது?"

"வழக்கம் போலத்தாம்மா" என்றேன்.

அவர் டம்ளரை மரத்தின் வேரில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கம்பியைக் கட்டி முடித்து இறங்கி வந்தேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. காப்பியைக் கீழே ஊற்றினேன். யாராவது கேட்டால் ஆறிப்போய்விட்டது என்று சொல்ல நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அது ஆறவும் இல்லை.

மரத்தில் இருந்த தழும்பு

அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்கு இன்னும் போக்குவரத்து இருக்கிறது.

'வழக்கம் போல' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலனியில் கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் கும்பிடோ எது நடந்தாலும் குழாயின் வாய் மேற்கே மலையைப் பார்த்திருக்க வேண்டும். ஊரைப் பார்க்கக் கூடாது.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதலாளி சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லவில்லை. காலனிக்காரர்களும் சொல்லவில்லை. முதல் தடவை அந்த மரத்தில் ஏறினபோது, எனக்கு முன்னால் குழாய் கட்டியவர்களின் கம்பி பட்டையை அறுத்த தழும்பு கிளையில் இருந்தது. மேற்குப் பக்கம் பார்த்த தழும்பு. அதே இடத்தில் கம்பியைச் சுற்றினேன். பழக்கம் என்பது இப்படித்தான் கைக்கு வந்துவிடுகிறது. வாய் திறந்து யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊரிலும் ஒரு வாய்க்கால் உண்டு. நான் பிறந்தது அதன் நல்ல பக்கம். இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சில வருடங்கள் கழித்து கம்பத்தில் சிக்கந்தர் ராவுத்தரின் மைக்செட் கடையில் சேர்ந்தேன். எல்லாருக்கும் அவர் பாய். வயர் இழுப்பதும் மரம் ஏறுவதும் எனக்கு உடனே வந்தது. மைக்கில் பேசுவது மட்டும் வரவில்லை. செட் போட்டு முடித்ததும் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்ல வேண்டும் இல்லையா? நான் நகத்தால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவேன். அவ்வளவுதான்.

"ஏலே, மைக்கப் பாத்தாப் புதுப்பொண்ணு கணக்கா வெக்கப்படுற. நாளைக்கு உங் கல்யாணத்துல என்னடா செய்வ?" என்பார் பாய்.

"நீங்க பேசிருங்க பாய்."

"நாம் பேசிருவேன். தாலிய யாரு கட்டுறது?"

பாயிடம் நீதி பற்றி ஒரு திடமான கொள்கை இருந்தது. கடைச் சுவரில் வாடகைப் பட்டியலை எழுதிப் போட்டிருந்தார். ஊர்க் கோயிலுக்கும் அதே வாடகை, பள்ளிவாசலுக்கும் அதே, மாதா கோயிலுக்கும் அதே, காலனிக்கும் அதே. பெரிய வீட்டுக்காரர்கள் வந்து குறைக்கச் சொன்னால் சுவரைக் காட்டுவார். "என் நீதி சொவத்துல எழுதிக் கெடக்கு. அழிக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன்."

எனக்கு அது பெருமையாக இருந்தது. எங்கள் செட்டுக்கு சாதி கிடையாது என்று நானும் நம்பினேன். பல வருடம் நம்பினேன்.

குச்சனூரில் ஒரு சனிக்கிழமை

குழாயின் திசை பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் குச்சனூர் நினைவு வரும். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரர் கோயிலுக்கு எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். எள் விளக்கு வாசனையும், ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்களின் கால் சேறும், காக்கைகளின் சத்தமுமாக இருக்கும்.

அங்கே மட்டும் குழாயை நாலு திசையும் பார்த்துக் கட்டுவோம். யார் எந்தப் பக்கம் தொலைந்து போவார்கள் என்று தெரியாது. "சனியன் பிடிக்கிறதுக்கு ஊரு, காலனின்னா பாக்குறாரு? நாலு பக்கமும் கட்டு" என்பார் பாய்.

ஒரு சனிக்கிழமை, அறிவிப்புச் செய்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தலை மொட்டையடித்து சந்தனம் பூசிய ஒரு பெரியவர் வந்தார்.

"வீட்டுக்காரியக் காணோம். கூப்பிடுப்பா."

எனக்கு வாய் எழவில்லை. மைக்கை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரும் சொல்லாமல், ஊரும் சொல்லாமல், "ஏய்! நாந்தேன். இங்கன இருக்கேன்" என்றார்.

கூட்டமே சிரித்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் வந்துவிட்டார். "இந்தாளு குரலு ஒலகத்துக்கே கேக்கும். இதுக்கு ஒரு கொழாய் வேற" என்று திட்டிக்கொண்டேதான் வந்தார்.

அந்த ஒற்றை வரி எனக்கு மறக்கவே இல்லை. நாந்தேன். இங்கன இருக்கேன். மைக் பிடிக்கிற எல்லாரும் கடைசியில் அதைத்தானே சொல்கிறார்கள்.

மேடையில் கேட்டது

சமூக நீதி என்ற சொல்லை என்னைவிட அதிகம் தடவை கேட்டவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் குறைவாகத்தான் இருப்பார்கள். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் செட் போட்டவன் நான். அந்தச் சொல் வருவதற்கு முன்னால் பேச்சாளர் ஒரு மூச்சு இழுப்பார். அப்போதே சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுவேன். இல்லையென்றால் குழாய் கீச்சென்று கத்தும். அடுத்து கைதட்டல் வரும்.

நான் சொல்லும் அந்தக் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்னால், அதே ஊரின் மந்தைத் திடலில் ஒரு கூட்டம் நடந்தது. ஏற்பாடு செய்தவர் கோயில் கமிட்டித் தலைவர் பெருமாள். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். காலனிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுக்க பெரியகுளம் வரை அலைந்தவர்.

செட் போடும்போது அவர் வந்தார். "ஏலே, காலனிப் பக்கம் ரெண்டு குழாயத் திருப்பிக் கட்டு. அவுகளுக்காகத்தான பேச வர்றாக. அவுக காதுல விழ வேணாமா?"

மனசார சொன்னார். கட்டினேன்.

அன்று வந்த பேச்சாளர் மெலிந்தவர். கத்தவில்லை. எனக்கு இரண்டு முறை சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. "எல்லாருக்கும் ஒரே அளவில் செருப்புத் தைத்துக் கொடுத்துவிட்டு, இதுதான் நீதி என்று சொல்லாதீர்கள். யாருக்கு எந்த இடத்தில் கடிக்கிறது என்று குனிந்து பாருங்கள். குனிய மனசு வராதவர்கள் நீதியைப் பற்றிப் பேச வேண்டாம்" என்றார். யாரும் கைதட்டவில்லை. எந்த இடத்தில் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பேசி முடித்துக் கீழே இறங்கியவர், என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்றாக வைத்திருந்தீர்கள் தம்பி" என்றார். அத்தனை வருடத்தில் மேடையிலிருந்து இறங்கி என் கையைக் குலுக்கிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த ஊரில் குழாய் எப்போது எந்தப் பக்கம் பார்க்கும் என்று அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. தெரிந்தவன் நான். கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கார் போய்விட்டது.

வாய்க்கால் பாலத்தில்

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கத்தரியும் தூக்குச் சட்டியுமாகக் கடந்து போனார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் நின்றார். செல்லத்தாயி. அதற்கு முன்னால் காலனியில் செட் போடும்போது பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"நேத்துப் பேசுனவுக பேச்சு ஒரு வார்த்த விடாமக் கேட்டுச்சு" என்றார்.

"ரெண்டு குழாய் உங்க பக்கம் கட்டியிருந்தேம்மா." எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"ஆமா, பாத்தேன். எம் மகளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம். செட்டு நீங்கதான் போடணும்."

"பாய்கிட்டச் சொல்லிட்டாப் போதும்மா."

"செட்ட பாய்கிட்டக் கேட்டுக்கிறேன். தெசைய ஒங்ககிட்டத்தான கேக்கணும்."

எனக்குப் புரியவில்லை. தூக்குச் சட்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவர் சொன்னார்.

"இருவது வருசமா ஊர்க்காரவுக தோட்டத்துல திராட்சக் கொல வெட்டுறேன். அவுக வீட்டுக் கல்யாணம் ஒண்ணு விடாம எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்ட மொதல்ல போட்டாகன்னு கேளுங்க, சொல்றேன். நான் பந்தியில ஒக்காந்ததில்ல. ஆனா எங் காது எல்லாக் கல்யாணத்துக்கும் போயிருக்கு. எம் மக கல்யாணத்துக்கு அவுக வர மாட்டாக. அது தெரியும். அவுக காதாவது வரட்டுமே."

வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"அது வழக்கம் இல்லையேம்மா" என்றேன். பிறகு ஏன் என்று தெரியாமல், "பாய் எல்லாருக்கும் ஒரே வாடகைதான் வாங்குறாரு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"வாங்குறாக. நாங்களும் குடுக்குறோம். சத்தம் மட்டும் எதுக்கு மலைக்குப் போகுது? மலைக்கா கல்யாணம்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். மற்ற பெண்களைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

கடைக்குப் போய் பாயிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் சுவரில் இருந்த வாடகைப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்த் திருவிழா செட்டு நம்ம கையவிட்டுப் போயிரும்லடா" என்றார் கடைசியில். "நம்ம கையில இருக்குறது வாடகதான். தெச நம்ம கையில இல்ல. வழக்கம் போலக் கட்டிரு."

அதனால்தான் அன்று ஏணியின் மேலிருந்து அப்படிப் பதில் சொன்னேன். அவர் அதனால்தான் காப்பியை வேரில் வைத்துவிட்டு, பேசாமல் போனார்.

ஆவணிக் காற்று

கல்யாணத்தன்று காலையில் காற்று இன்னும் கூடியிருந்தது. பந்தல் துணியைப் பிடித்துக்கொள்ளவே நாலு பேர் வேண்டியிருந்தது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நேர் எதிரே வாயைத் திறந்துகொண்டு என்னுடைய இரண்டு குழாய்களும் நின்றன. யோசித்துப் பார்த்தால் காற்றுக் காலத்தில் அப்படிக் கட்டுவதே தப்பு. எங்கள் தொழிலில் யாரும் செய்ய மாட்டார்கள். அந்த ஊரில் மட்டும் செய்வோம்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணின் தாய்மாமன் மைக்கைப் பிடித்து வரவேற்புச் சொன்னார். "இந்தக் கல்யாணத்துக்கு வருகை தந்திருக்கும் உற்றார் உறவினர்களையும், ஊர்ப் பெரியவர்களையும் வருக வருக என வரவேற்கிறோம்."

காலனிக் கல்யாணம் எல்லாவற்றிலும் இதைச் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரும் வந்ததில்லை. அந்த வரவேற்பு வயலைத் தாண்டி மலைக்குப் போகும். திரும்பி வராது.

அன்று திரும்பி வந்தது.

'வருக' என்று மாமன் சொல்லி வாய் மூடுவதற்குள், கிழக்கே ஊர் மாடி வீட்டுச் சுவர்களில் பட்டு 'வருக' என்று இன்னொரு குரல் கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். கட்டின கம்பி அறுந்து தொங்கியது. இரண்டு குழாயில் ஒன்று, சாவகாசமாகத் திரும்பி, ஊரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

பாட்டைப் போட்டேன். அதுவும் ஊருக்குத்தான் போனது.

பத்து நிமிடத்தில் தலைவர் பெருமாள் வந்துவிட்டார். கூட இரண்டு பேர். வாய்க்காலைத் தாண்டி அவ்வளவு வேகமாக அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை.

"என்னலே இது?"

"காத்துண்ணே. கம்பி அத்துப்போச்சு."

"காத்தா? ஆடிக் காத்துக்குத்தான் அம்மி பறக்கும். இது ஆவணிடா. எவன் குடுத்த தைரியம்? ஏறித் திருப்பு."

அதற்குள் செல்லத்தாயி பந்தலிலிருந்து வந்துவிட்டார். புதுச் சேலையின் மடிப்புக் கூடக் கலையவில்லை. "வாங்கய்யா, வாங்க. மாமன் கூப்பிட்டது காதுல விழுந்துச்சா? கூப்பிட்ட ஒடனே வந்துட்டீக!"

பந்தலுக்குள் யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். தலைவர் முகம் சிவந்தது. "கல்யாணத்துக்கு வரல. குழாயத் திருப்பச் சொல்ல வந்தோம்."

"அது செட்டுக்காரர் வேலைல்ல. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு இருங்க."

மூன்று பேரும் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். பாட்டை நிறுத்து என்று அவர்கள் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். முகூர்த்த நேரத்தில் பாட்டை நிறுத்தினால் பிள்ளைக்கு ஆகாது. அந்த மட்டுக்கும் அவர்களுக்கும் மனசு இருந்தது. திருப்பினால் போதும் என்றார்கள்.

நான் ஏணியை நோக்கிப் போனேன். திருப்பத்தான் போனேன். இதை அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.

எனக்கு முன்னால் செல்லத்தாயி போய் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். மடியில் மல்லிகையைக் கொட்டி, வாழைநாரை எடுத்து, பூக்கட்ட ஆரம்பித்துவிட்டார். பூக்கட்ட அங்கே பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

"கொஞ்சம் நகருங்கம்மா." நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வாய் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். என் கூச்சம் அப்படிப்பட்டது. பஸ்ஸில் வழியில் பெண்கள் நின்றால் நகரச் சொல்லத் தெரியாமல், உத்தமபாளையத்தில் இறங்க வேண்டியவன் கம்பத்தில் இறங்கியிருக்கிறேன்.

"ஏ, எந்திரி" என்றார் தலைவரோடு வந்தவர்.

"எந்திரிக்கிறேன்யா. நாரு சிக்கிக்கிருச்சு" என்றார் செல்லத்தாயி, நிமிராமலே.

அவரைக் கையைப் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். அவர்கள் தொட மாட்டார்கள். அதற்கும் வழக்கம் இல்லை. மூன்று பேரும் நின்றார்கள். நானும் நின்றேன்.

பந்தலிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "ஆத்தா, தாலி கட்டப் போறாக. வெரசா வா!"

"கட்டச் சொல்லு" என்றார் செல்லத்தாயி. "எனக்கு இங்கன இருந்தே கேக்குது."

கெட்டிமேளம் கொட்டியது. மலைக்கும் போனது, ஊருக்கும் போனது. ஊர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பியும் வந்தது. மேளம் கேட்டதும் தலைவர் பெருமாளின் வலது கை தானாக உயர்ந்தது, அட்சதை போட உயர்வது போல. கையில் ஒன்றும் இல்லை. இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிறகு மூன்று பேரும் வாய்க்காலைத் தாண்டிப் போனார்கள்.

செய்யாத காரியத்தின் பேர்

அந்த ஊர்த் திருவிழா செட் எங்கள் கையைவிட்டுப் போனது. நான் காற்று என்று ஊரில் பல பேரிடம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. காலனியில் என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. நான்தான் திருப்பினேன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். "செட்டுக்காரத் தம்பி நெஞ்சழுத்தக்காரன்" என்ற பேர் வந்தது. நான் மறுக்கவில்லை. பேர் நன்றாக இருந்தது.

பாய் திட்டவில்லை. "காத்து அல்லா குடுக்குறது. அதுக்கு நான் வாடக போட முடியாது" என்றார். ஆனால் அன்று சாயந்திரம் சுவர்ப் பட்டியலுக்குக் கீழே கரியால், 'குழாய் எத்திசையும் கட்டப்படும்' என்று எழுதினார். படித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து கோணலாப் போச்சோ?" என்றார். கோணலாகத்தான் இருந்தது.

அடுத்த தையில் காலனியில் ஒரு காதுகுத்து. எந்தப் பக்கம் கட்ட என்று கேட்டேன். "வழக்கம் போலத்தான்" என்றார்கள். ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

சண்டை வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் தலைவர் பெருமாள் அதிகம் பேசவில்லையாம். பிறகு குழாயே போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. அது தரையில் இருக்கும். தரையை அதிர வைக்கும். அதற்கு வாய்க்கால் தெரியாது. ஆனால் பந்தி இன்றைக்கும் வாய்க்காலைத் தாண்டவில்லை என்றுதான் கேள்விப்படுகிறேன்.

அல்லிநகரத்தில்

என் மைக்செட் நாட்களைப் பற்றிய இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து இந்தச் சம்பவம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதினால் உண்மையை எழுத வேண்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டும்.

போன மாதம் தேனிக்குப் போனேன். செல்லத்தாயி அக்கா இப்போது அல்லிநகரத்தில் மகளோடு இருக்கிறார். அந்தக் காலத்தில் நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. எப்போது ஆரம்பித்தேன் என்றும் நினைவில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். சின்ன வீடு. அடுப்படிக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

சுவரில் அந்தக் கல்யாணப் படம். தாலி கட்டுகிற நேரத்தில் எடுத்தது. மாப்பிள்ளை, பெண், மாமன், நாத்தனார், பின்னால் எட்டிப் பார்க்கிற தலைகள். பெண்ணின் அம்மா மட்டும் இல்லை.

வெகுநேரம் மழை, திராட்சை, முட்டி வலி என்று பேசினோம். பிறகு சொன்னேன்.

"அக்கா, அன்னைக்குக் குழாய நான் திருப்பல. காத்துதான் திருப்புச்சு."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"பின்ன? நீ திருப்புற ஆளாடா?" சிரித்தார். பல் நாலைந்துதான் மிச்சம். "காத்து திருப்புச்சு. ஆனா அம்புட்டுப் பேரு வந்து மெரட்டியும் நீ ஏறித் திருப்பலையே. அதுக்குத்தான் காலனி பூராம் ஒன்னப் பெருமையாப் பேசுனோம்."

இதையும் விட்டுவிடக் கூடாது என்று தோன்றியது. "அதுவும் இல்லக்கா. திருப்பத்தான் வந்தேன். நீங்க ஏணியில ஒக்காந்திருந்தீக. நகருங்கன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அம்புட்டுதான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து சுவரில் இருந்த படத்தின் தூசியை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கெட்டிமேளம் கொட்டுற வரைக்கும் பாத்தேன். ஒரு வார்த்த நகருன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன். பெத்தவளுக்குத் தாலி கட்டுறதப் பாக்க ஆச இருக்காதா?"



அவர் திரும்பி அடுப்படியைப் பார்த்தார். வழியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் நகரு தம்பி" என்றார். "காப்பி போடணும்."

நகர்ந்தேன்.